களி உபயம்

பாண்டியம்மாளின் மெஸ்ஸில் தட்டில் வைத்ததைத் தொடாமல் எழுந்து போன ஆள் ஒருவன்தான். அவன் பெயர் கருத்தக்கண்ணன்.

மெஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழங்காநத்தத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே ஒடுங்கிப் போகும் தெருவில் ஒரு ஓட்டு வீடு. முன் அறையில் இரண்டு பெஞ்சு, பின்னால் அடுப்பு, அதற்கும் பின்னால் ஒரு வேப்ப மரமும் காலி இடமும். வாசலில் போர்டு கிடையாது. சாப்பிட்டவர்கள் சொல்லிச் சொல்லியே 'பாண்டியம்மாள் மெஸ்' என்று ஆகிவிட்டது. அவள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் நல்லகாமன் லாரி ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். இரண்டு பேருக்குச் சோறாக்கி ஒருத்தியாக உட்கார்ந்து தின்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்த மில் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர்கள் மறுநாள் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பரிமாறிவிட்டு, சாப்பிடுகிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். முதல் வாய் உள்ளே போய் ருசியில் அவன் கண் கொஞ்சம் இறங்குகிறதா என்று பார்ப்பாள். சிலருக்குக் கூச்சமாக இருக்கும்.

"யக்கா, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. முழுங்க முடியல" என்பார்கள்.

திரும்ப மாட்டாள்.

புதன்கிழமை கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். அன்றைக்கு மட்டும் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. நொய்யை வேக வைத்து, மாவைத் தூவி, துடுப்பைப் போட்டுக் கிண்டி, தண்ணீர் தொட்ட கையால் அவள் உருட்டி வைக்கும் உருண்டை வழுவழுவென்று தட்டில் நிற்கும். விரலில் ஒட்டாது.

அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம்தான் கருத்தக்கண்ணன் வந்தான். மில் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக உள்ளே போய், இரண்டு மாதம் இருந்துவிட்டு அன்று காலைதான் வெளியே வந்திருந்தான். கையில் பையோடு நேராக மெஸ்ஸுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பாண்டியம்மாள் இருப்பதிலேயே பெரிய உருண்டையாக எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். நெற்றி வேர்த்தது. எழுந்து வாசலுக்கு ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தான். பிறகு திரும்பி வராமலேயே போய்விட்டான். பையை மறுநாள் வந்துதான் எடுத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. களின்னாலே இப்ப ஆக மாட்டேங்குது. உள்ள தெனமும் அதான்."

"களியில வெறுக்க என்ன தம்பி இருக்கு?"

அவன் சொன்னான். பாதி வெந்த மாவு. நடுவில் உடைக்காத கட்டி. கட்டிக்குள் வண்டு. வேண்டாம் என்றவனுக்கு அடி. அடி வாங்கியவனுக்கு மறுநாளும் அதே களி. கடைசியில் எல்லோரும் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பட்டினி கிடந்தது.

பாண்டியம்மாள் முழுக்கக் கேட்டாள். "அடியப் பத்திச் சொன்னதெல்லாம் நம்புறேன் தம்பி" என்றாள். "களி அப்பிடி ஆகும்கிறதத்தான் நம்ப முடியல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்தபின் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னான்.

அந்தக் கதையைத்தான் அவன் நாடகமாக எழுதினான். எழுபத்தெட்டாம் வருஷம் அது. ஜெயிலுக்குள் நடந்ததைப் பற்றி ஊரில் பலரும் வாய் திறந்து பேச ஆரம்பித்திருந்த நேரம். நாடகத்துக்கு 'எட்டாம் கொட்டடி' என்று பெயர். மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் ஒத்திகை நடந்தது. கைதிகள் எல்லாம் மெஸ்ஸில் சாப்பிடும் பையன்கள். தலைமைக் கைதி கருத்தக்கண்ணனே. ஜெயிலராகச் சைக்கிள் கடை மொக்கையன். மொக்கையனுக்கு உடம்பும் மீசையும் போலீஸ் வேலைக்கென்றே அமைந்தவை. நல்லகாமனின் சேக்காளி என்பதால் பாண்டியம்மாளை அவன் மதினி என்பான்.

நாடகத்தின் உச்சக் கட்டம் இது. கைதிகள் தட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேலதிகாரி பார்வையிட வந்திருக்கிறார். தலைமைக் கைதி ஜெயிலரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறான்: எங்களுக்குப் போடுவதில் நீங்கள் ஒரு வாய் சாப்பிடுங்கள், நாங்கள் முழுத் தட்டும் சாப்பிடுகிறோம். அதிகாரி பக்கத்தில் நிற்பதால் ஜெயிலர் மறுக்க முடியாது. வாயில் வைக்கிறான். காறித் துப்புகிறான். கைதிகள் தட்டை எடுத்துக் கம்பியில் அடிக்கிறார்கள்.

முதலில் தட்டில் சேற்றைக் குழைத்து வைத்து ஒத்திகை பார்த்தார்கள். பார்க்கக் களி மாதிரியே இருந்தது. மொக்கையன் வாயில் வைக்க மறுத்தான்.

"ஜெயிலரா நடிக்கத்தான் ஒத்துக்கிட்டேன் மாப்ள. மண்ணு திங்க ஒத்துக்கல."

அப்படியானால் நிஜக் களியே இருக்கட்டும் என்று பாண்டியம்மாளைக் கேட்டார்கள். அவள் சந்தோஷமாகச் செய்து கொடுத்தாள். அந்தக் கட்டம் வந்தது. மொக்கையன் மீசையை முறுக்கிவிட்டு ஒரு வாய் போட்டான். கண்ணை மூடினான். மென்றான். முழுங்கினான்.

"மதினி, கொஞ்சம் குழம்பு கிடைக்குமா?"

அதற்குள் கைதிகள் கவிழ்த்த தட்டுகளை நிமிர்த்தி, களியை வாங்கி வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கருத்தக்கண்ணன் தலையில் கை வைத்தான்.

"போராட்டம் நடத்தச் சொன்னா கெடா வெட்டு நடத்துறீகளேடா!" என்றான். பிறகு பாண்டியம்மாளைப் பார்த்தான். "யக்கா, இது கெட்ட களியா இருக்கணும்."

"கெட்டதுன்னா?"

"நீங்க நம்ப மாட்டேன்னு சொன்னீகள்ல, அது."

கெட்ட களி செய்வது அத்தனை லேசாக இல்லை. முதல் தடவை வேண்டுமென்றே கட்டியை உடைக்காமல் விட்டாள். ஆனால் பேசிக்கொண்டே இருந்ததில் கை தன்பாட்டுக்குத் துடுப்பைப் போட்டு உடைத்துவிட்டது. இரண்டாம் தடவை பாதியில் இறக்கினாள். மனம் கேட்காமல் மறுபடி ஏற்றினாள். கூட வேலை செய்யும் சின்னத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க மாமியாளக் கூட்டியாரவா யக்கா? அது தெனமும் அப்பிடித்தான் செய்யுது. பெரிசா மெனக்கெடுறதும் இல்ல."

"ஒம் மாமியா வேணாம். அது வீட்டு மாவு இருந்தாக் கொஞ்சம் வாங்கிட்டு வா."

நாள்பட்ட மாவு வந்தது. சலிக்கவில்லை. பாண்டியம்மாள் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சாராயம் காய்ச்சுகிறவளைப் போல ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். கொதிக்காத தண்ணீரில் மாவை மொத்தமாகக் கொட்டி, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். கை பக்கத்தில் இருந்தால்தானே கிண்டும். இறக்கியபோது அது களியாகவும் இல்லை, கூழாகவும் இல்லை. ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் கையைக் கழுவினாள்.

பையன்களை நிற்க வைத்துச் சொன்னாள்: "இது ஏங்கிட்ட இருந்து போச்சுன்னு ஒரு ஈ காக்காக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்கடா."

எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

அவள் அப்படிச் சத்தியம் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. நாடகம் போடப்போகும் இடம் டி. கல்லுப்பட்டி. அங்கே ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழா. விழாத் தலைவர் வெள்ளைத்துரை, பருத்திக் கொட்டை வியாபாரி. நல்லகாமனின் லாரியில்தான் அவர் மூட்டைகள் போகும். ஒருநாள் மதுரைக்கு வந்தவர் மெஸ்ஸில் சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். பந்திக்குப் பாண்டியம்மாள் ஆக்கட்டுமே என்று நல்லகாமன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"கல்யாணப் பந்திக்குத் தவசிப்பிள்ளைக வந்து ஆக்குறதுதானப்பா வழக்கம்" என்றார் வெள்ளைத்துரை. "பொம்பளய விட்டு ஊருச் சனத்துக்கு ஆக்கச் சொன்னா ஏதும் பேசுவாகளேன்னு யோசிக்கிறேன். சரி, நாடகத்துக்கு வருவீகள்ல. அன்னைக்கு முடிவு சொல்றேன்."

பாண்டியம்மாளுக்குப் பந்தி என்பது ரொம்ப நாள் ஆசை. ஒரு நேரத்தில் இரண்டு பெஞ்சு முகங்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கொட்டகை நீளத்துக்கு, வரிசை வரிசையாக, அத்தனை பேரும் முதல் வாயை ஒரே நேரத்தில் வைப்பது எப்படி இருக்கும்? அந்த நினைப்பு வந்தாலே அவள் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

நாடகத்தன்று லாரியில் எல்லாம் ஏறின. சவுக்குக் கம்பில் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஜெயில் கம்பிகள், அலுமினியத் தட்டுகள், லத்தி. கெட்ட களி ஒரு வாளியில். கூடவே ஒரு பெரிய அண்டா நிறைய நல்ல களியும், ஒரு பானை மொச்சைக் குழம்பும். நாடகம் முடிந்து பையன்கள் சாப்பிட அது. கல்லுப்பட்டி ஆசிரமத்துச் சைவக்காரர்களும் பார்க்க வருவார்கள், கருவாடு வேண்டாம் என்று விழாக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டிருந்தார்கள். வெள்ளைத்துரை ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கமாட்டாரா என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம். அதற்காகவே களியில் இரண்டு உழக்கு மாவு கூடுதலாகப் போட்டிருந்தாள்.

மைக் செட் ஷேக் தாவூது, காஜிமார் தெருவிலிருந்து தன் ஒலிபெருக்கிக் குழாய்களோடு வந்து லாரியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். எல்லோருக்கும் அவர் பாய். சத்தியம் வாங்கிய அன்று அவர் இல்லை. இதை யாரும் யோசிக்கவில்லை.

திருமங்கலம் தாண்டியதும் பாய் நல்லகாமனைக் கேட்டார். "பின்னால பாத்திரம் எல்லாம் ஏத்துனீங்களே, அது யாரு கொடுத்தது?"

"நாடகத்துக்குக் களி வேணும்னாங்க பாய். நம்ம வீட்டுலதான் செஞ்சுச்சு" என்றான் நல்லகாமன் பெருமையாக. சத்தியம் வாங்கிய அன்று அவனும் ரோட்டில்தான் இருந்தான்.

பாய் தலையை ஆட்டிக்கொண்டார்.

பொழுது இறங்கும் நேரத்தில் மைதானம் நிறைந்துவிட்டது. வயல் வேலை முடிந்து கை கால் கழுவிய ஈரத்தோடு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன் வரிசை நாற்காலியில் வெள்ளைத்துரை, தோளில் வெள்ளைத் துண்டு. மேடைக்குப் பின்னால் படுதா மறைவில் பாண்டியம்மாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாய் கரகரத்தது.

"அன்பார்ந்த கல்லுப்பட்டிப் பொதுமக்களே! இன்னும் சற்று நேரத்தில் நாடகம் ஆரம்பமாகும். முன்னதாக உபயதாரர்கள் விவரம். மேடைப் பந்தல் உபயம், படிப்பக இளைஞர்கள். ஜெயில் கம்பிகள் உபயம், மொக்கையன் சைக்கிள் கடை. கைதிகளுக்கு வழங்கப்படும் கேப்பைக் களி உபயம்... மதுரை பழங்காநத்தம், பாண்டியம்மாள் மெஸ்!"

கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அவள் மைக் இருந்த மூலைக்கு ஓடினாள்.

"பாய்! பாய்!"

அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "என்ன தங்கச்சி, சரியாக் கேக்கலயா? இன்னொருக்கச் சொல்லிர்றேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் சொல்லியும்விட்டார். இந்தத் தடவை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

"அய்யோ, எதுக்குண்ணே சொன்னீக?"

"கொடுத்தவுக பேரச் சொல்லாம நாடகத்த ஆரம்பிச்சா அது மருவாதியா? முப்பது வருசமா மைக் புடிக்கிறேன், ஒரு உபயத்த விட்டதில்ல தங்கச்சி" என்றார் பாய். அவள் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை. படுதா விலகிவிட்டது.

முதல் காட்சி. கைதிகள் வரிசையில் வந்து தட்டை நீட்டினார்கள். களி விழுந்தது. ஒரு கைதி கத்தினான்: "இதையா மனுசன் திம்பான்? நாயி கூட மோந்து பாக்காது!"

மைதானத்தில் கொல்லென்று சிரிப்பு.

"கேப்பக்களி எறங்காதாமுல்ல, பெரிய மைனரு!" என்றது ஒரு குரல்.

"எங்க வீட்டுல மத்தியானம் அதான்டா! வா, பழங்கஞ்சியும் தாரேன்!"

"ஜெயிலுல போயும் பிரியாணி கேப்பான் போல!"

மொக்கையன் லத்தியை ஓங்கியபோது கைதட்டல் எழுந்தது. ஊர் ஜெயிலர் பக்கம் சேர்ந்துவிட்டது. படுதா இடுக்கில் பாண்டியம்மாள் நின்று பார்த்தாள். மேடைக்குக் கிட்ட உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"களி எப்பிடிடி கெட்டுப்போகும்? அந்த மெஸ்ஸுக்காரிக்கு ஆக்கத் தெரியல போல. பேரு என்ன சொன்னாக?"

"பாண்டியம்மா. பழங்காநத்தம்."

வெள்ளைத்துரை யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என்ன சொல்லிச் சிரித்தார் என்று தெரியவில்லை.

இரண்டாம் காட்சி நடக்கும்போது அவள் லாரிக்குப் போனாள். அண்டா மூடியைத் திறந்தாள். சூடு இன்னும் இருந்தது. ஒரு வாளியை எடுத்து நல்ல களியை அதில் நிரப்பினாள். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஜெயிலர் உடுப்போடு மொக்கையன் வந்து நின்றான்.

"வாசம் மேடை வரைக்கும் வருது மதினி. கடைசிக் காட்சிக்கு இதையே கொண்டாங்க. என் வாயும் பொழைக்கும், ஒங்க பேரும் பொழைக்கும். நான் ஒரு வாய் தின்னுட்டு, ஆஹா நல்லாருக்கேன்னு சொல்லிர்றேன். வெள்ளைத்துரை முன்னாலதான் உக்காந்திருக்காரு."

"நாடகம் என்னத்துக்காகும்?"

"சனமே நம்ம பக்கம் மதினி. நான் ஜெயிச்சதா முடிச்சிருவோம்."

அவள் அண்டாவை மூடினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள். ஒரு வாய். அவன் தின்றுவிட்டுச் சொன்னால் போதும். இத்தனை பேர் காதிலும் விழும்.

படுதாவுக்குப் பின்னால், கெட்ட களி இருந்த வாளிக்குப் பக்கத்தில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். துண்டை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்தான். நெற்றி வேர்த்திருந்தது. அந்தப் புதன்கிழமை அவன் தட்டைப் பார்த்தபோது இருந்த அதே முகம். அவளைக் கண்டதும் துண்டை எடுத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

"சனம் என்னயக் கேலி பண்ணுதுக்கா. களி வேணாம்கிறவன் கிறுக்கன்னு நெனைக்கிறாக. அவுகளும் ஒங்கள மாதிரிதான். நல்ல களி மட்டுந்தான் தின்னிருக்காக."

அவள் கெட்ட களியைக் காட்டிக் கேட்டாள். "தம்பி, நெசமாச் சொல்லு. அங்கயும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

அவன் யோசித்தான். "இது கொஞ்சம் பரவாயில்லக்கா. நீங்க உப்புப் போட்டிருக்கீக."

அவளுக்கு உப்புப் போட்டது ஞாபகமே இல்லை. கதவைத் தாழிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று செய்த களியில்கூடக் கை எப்போதோ உப்பைப் போட்டிருக்கிறது.

அவள் நல்ல களி வாளியைக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். கெட்ட களி வாளியை எடுத்துக்கொண்டாள். மேடைப் படி வரைக்கும் போனவள் நின்றாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி வாளிக்குள் போட்டு, கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினாள். அந்த ஒரு கிண்டு மட்டும் நன்றாகக் கிண்டினாள். பிறகு வாளியைக் காவலராக நடிக்கும் பையன் கையில் கொடுத்தாள்.

கடைசிக் காட்சி. கைதிகள் தட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. காவலராக நடித்த பையன் கருத்தக்கண்ணனின் தட்டை நிமிர்த்திக் களியைப் போட்டான். வசனப்படி கருத்தக்கண்ணன் ஜெயிலரைப் பார்த்துப் பேச வேண்டும். பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தான். டியூப் லைட்டுக்கு நேராக நின்று, கூட்டத்தைப் பார்த்துத் தட்டை மெல்லச் சாய்த்தான்.

நல்ல களியாக இருந்தால் உருண்டை அப்படியே வழுக்கி விழும். இது விழவில்லை. ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. மறு பக்கம் கறுத்த தண்ணீராக வழிந்தது. நடுவிலிருந்து வெள்ளை மாவுக் கட்டி ஒன்று நழுவி வெள்ளைத்துரையின் காலடியில் பொத்தென்று விழுந்து உடைந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் களி கிண்டுகிற, தினமும் களி தின்கிற ஊர் அது.

"ஏலே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அது களி இல்லடா."

கருத்தக்கண்ணன் ஜெயிலர் பக்கம் திரும்பினான். "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கய்யா. நாங்க முழுத் தட்டும் சாப்பிடுறோம்."

மொக்கையன் பாண்டியம்மாள் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். நல்ல களி வாளிதான் வந்திருக்கிறது என்பது அவன் எண்ணம். தட்டைச் சரியாகக்கூடப் பார்க்காமல் தாராளமாக ஒரு வாய் அள்ளிப் போட்டான். தலைக்கு மேலே மைக் தொங்கியது. மண் நறநறவென்று அரைபட்ட சத்தம் குழாய் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது.

"ச்சீ..." என்று பெண்கள் பக்கம் மொத்தமாக முகம் சுளித்தது.

மொக்கையனின் கண் பிதுங்கியது. மீசையில் ஒரு பாதி கழன்று தொங்கியது. அதுவரை அது சொந்த மீசை என்றே பழங்காநத்தம் முழுக்க நம்பியிருந்தது. துப்பப் போனான்.

"துப்பாதடா!" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்துவிட்டார். "அவுங்களத் திங்கச் சொன்னீல்ல! முழுங்குடா!"

"முழுங்கு! முழுங்கு!"

மொக்கையன் முழுங்கவில்லை. மேடை ஓரம் ஓடிப்போய்த் துப்பினான். ஒரு செருப்பு பறந்து வந்து அவன் தொப்பியைத் தட்டிவிட்டது. கைதிகள் தட்டை எடுத்துக் கம்பியில் அடிக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் நாற்காலியைத் தட்டியது, தகரத்தைத் தட்டியது. சிரித்தவர்களே எழுந்து நின்று தட்டினார்கள். படுதா மூடிய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

பாண்டியம்மாளும் கையிலிருந்த கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்த பிறகுதான் தன் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. மெல்ல நழுவி லாரிக்குப் பின்னால் போய் நின்றாள்.

வெள்ளைத்துரை நாலைந்து பேரோடு அங்கேயே வந்துவிட்டார். அவர் வருவதைப் பார்த்ததும் நல்லகாமன் டயரைப் பார்க்கிற மாதிரி லாரிக்கு அடியில் போய்விட்டான்.

"அந்தக் களியச் செஞ்சது நீதானாத்தா?"

"நாந்தான்யா."

"வேணும்னேவா செஞ்ச?"

"வேணும்னேதான்."

"பேர வேற ரெண்டு தடவ சொன்னாக. வெளங்காத மெஸ்ஸுன்னு ஊரே பேசுமே, அது தெரியாதா?"

"தெரியும்யா."

மொக்கையன் வாயைக் கொப்பளித்துக்கொண்டே வந்தான். "மதினி, நீங்க மனுசியா? அதுல மண்ணு கெடந்துச்சு! அள்ளிப் போட்டீகளா?"

"ஒரு கைதான் போட்டேன்" என்றாள்.

வெள்ளைத்துரை அவளையும் பார்த்தார், மொக்கையனின் அரை மீசையையும் பார்த்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"உக்காருங்கய்யா" என்றாள் பாண்டியம்மாள்.

அண்டாவைத் திறந்தாள். கைதித் தட்டு ஒன்றைக் கழுவி, ஒரு உருண்டையை வைத்து, குழி பறித்து மொச்சைக் குழம்பை ஊற்றினாள். வெள்ளைத்துரை லாரிப் படியில் உட்கார்ந்து முதல் வாயை வைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண் கொஞ்சம் இறங்கியது.

பாதித் தட்டு முடிந்ததும் சொன்னார்: "எம் மக கல்யாணத்துல நான் களி போட மாட்டேன், தெரியும்ல?"

"நானும் போட மாட்டேன்யா."

"சம்பந்தக்காரனுகள்ல ரெண்டு பேரு இருக்கானுக. அவனுகளுக்கு மட்டும் அந்தக் களி ஒரு தட்டு தனியா வைக்க முடியுமா?"

"மண்ணோடயா, மண்ணு இல்லாமயா?"

"அது அவனுக நடந்துக்கிறதப் பொறுத்து" என்றார். "தையில ஆளுகளோட வந்திருத்தா. அண்டா குண்டாவெல்லாம் எங்க வீட்டுலயே கெடக்கு."

லாரிக்கு அடியிலிருந்து நல்லகாமன் வெளியே வந்து, டயர் நன்றாக இருப்பதாகச் சொன்னான்.

பிற்பாடு அவள் எத்தனையோ பந்திகளுக்குச் சமைத்தாள். திருவாதவூர் வரைக்கும் கூப்பிட்டுப் போனார்கள். கொட்டகை நீளத்துக்கு முகங்களைப் பார்த்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் வாயை வைப்பதில்லை, பாதிப் பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சின்னத்தாயிடம் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

அன்றைக்கு லாரியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாசம் பிடித்து வந்தவர்கள், நிஜக் களி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். கைதித் தட்டுகள் கை மாறின. கைதிகள், காவலர்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மெஸ்ஸுக்காரிக்கு ஆக்கத் தெரியவில்லை என்று சொன்னவளும் வரிசையில் இருந்தாள். பாண்டியம்மாள் அவளுக்குக் கொஞ்சம் பெரிய உருண்டையாக வைத்தாள். குழாய் மறுபடி கரகரத்தது.

"பொதுமக்கள் கவனத்துக்கு ஒரு திருத்தம். மேடையில் போடப்பட்ட களி வேறு. பாண்டியம்மாள் மெஸ்ஸில் போடப்படும் களி வேறு. இரண்டும் அவர்கள் உபயம்தான். மீண்டும் சொல்கிறேன்..."

அண்டா அடி தெரிய ஆரம்பித்தபோது வரிசையின் கடைசியில் கருத்தக்கண்ணன் நின்றான். கைதிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். கையில் தட்டு இருந்தது.

"ஒனக்கு ரொட்டி வாங்கி வெச்சிருக்கேன் தம்பி" என்றாள் அவள்.

"இருக்கட்டும்க்கா. ஒரு உருண்ட வைங்க." பிறகு சொன்னான்: "சின்னதா."

சின்னதாகவே உருட்டி வைத்தாள். அவன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு விரலால் உருண்டையைத் தொட்டான். விரலில் ஒட்டவில்லை.

பாண்டியம்மாள் அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலி அண்டாவை வழித்தாள். வழித்த இடத்தையே திரும்பவும் வழித்தாள். பின்னால் சத்தம் ஒன்றும் இல்லை. எழுந்து ஓடும் சத்தமும் இல்லை.

"யக்கா" என்றான் கருத்தக்கண்ணன். "குழம்பு ஊத்தாமப் போயிட்டீகளே."